ஓஎஸ்சி செய்தி போய்ச் சேரவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

ஒலியை நிரலாக எழுதும் சூப்பர்கொலைடரில் ஒரு சிந்த், அதாவது ஒலி உருவாக்கி, ஓடுகிறது. பெட்டிகளை இணைத்து நிரல் எழுதும் ப்யூர் டேட்டாவில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. ஸ்லைடரை இழுத்தால் ஒலியளவு மாற வேண்டும், மாறவில்லை. இரண்டு பக்கமும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஓஎஸ்சியோடு புழங்குகிற எல்லோருக்கும் பழகிப்போன நிலைமை இது.

இந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது. ஓஎஸ்சி, அதாவது ஓப்பன் சவுண்ட் கன்ட்ரோல், 1997-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள சிஎன்மேட் மையத்தில் மேட் ரைட், ஏட்ரியன் ஃப்ரீட் இருவரும் முன்வைத்த, இசை நிரல்களும் கருவிகளும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதற்கான வடிவம். அதன் 1.0 விவரக்குறிப்பு 2002-இல் வந்தது. ஒரு செய்தி உள்ளே எப்படி அமைந்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எந்த வழியாகப் போக வேண்டும், எந்த போர்ட்டுக்கு (கணினிக்குள் ஒரு நிரலைச் சேரும் கதவு எண்) போக வேண்டும் என்றெல்லாம் கட்டாயப்படுத்துவதில்லை. நடைமுறையில் பெரும்பாலும் யூடிபி என்ற நெட்வொர்க் முறையில்தான் போகிறது. யூடிபியில் "கிடைத்தது" என்று பதில் வராது. அந்த போர்ட்டில் கேட்க யாருமே இல்லாவிட்டாலும், அனுப்பும் நிரல் அனுப்பிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் நிரலை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பதைவிட, செய்தி எதுவரை வந்திருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதே வேகமான வழி. கீழே உள்ள எல்லாமே அதைச் சுற்றித்தான்.

முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

லிப்லோ நூலகத்தோடு வரும் இரண்டு சிறு கட்டளைகள்: ஓஎஸ்சிடம்ப், ஓஎஸ்சிசென்ட். டெபியன், உபுண்டுவில் லிப்லோ-டூல்ஸ் என்ற தொகுப்பில் கிடைக்கும். ஓஎஸ்சிடம்ப்புக்கு ஒரு போர்ட் எண்ணைக் கொடுத்தால், அந்த போர்ட்டுக்கு வருவதையெல்லாம் பாதை (சாய்கோட்டில் தொடங்கும் செய்தியின் பெயர்), வகைக் குறி (மதிப்பு முழு எண்ணா, மிதவை எனப்படும் தசம எண்ணா என்பது போன்றது), மதிப்பு என்று வரிசையாக அச்சிடும். ஓஎஸ்சிசென்டுக்கு ஐபி எண், போர்ட், பாதை, வகை எழுத்து, மதிப்பு என்ற வரிசையில் கொடுத்தால் ஒரு செய்தியை அனுப்பும்.

வேலை எளிது. அனுப்புகிறவரை எடுத்துவிட்டு அங்கே ஓஎஸ்சிசென்டை வையுங்கள்; பெறுகிறவர் இப்போது சரியாக நடந்துகொண்டால் கோளாறு அனுப்பும் பக்கம். பெறுகிறவரை எடுத்துவிட்டு ஓஎஸ்சிடம்ப்பை வையுங்கள். அதில் செய்தி தெரிந்தால் கோளாறு பெறும் பக்கம். ஓஎஸ்சிடம்ப்பை ஓட்டுவதற்கு முன் அதே போர்ட்டைப் பிடித்திருக்கும் நிரலை மூட மறக்க வேண்டாம்.

சூப்பர்கொலைடருக்குள்ளேயே என்றால், ஓஎஸ்சிஃபங்க் வகுப்பின் ட்ரேஸ் முறைக்கு ட்ரூ கொடுத்து இயக்குங்கள். நீங்கள் நிரல் எழுதும் மொழிப் பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் போஸ்ட் விண்டோ என்ற செய்தி ஜன்னலில் விழும்: யார் அனுப்பினார், எந்த போர்ட்டில் வந்தது, உள்ளே என்ன இருந்தது எல்லாம் தெரியும். ஒலியை உருவாக்கும் சர்வரின் நிலைச் செய்திகள் விடாமல் வந்து திரையை நிரப்பும். இரண்டாவது மதிப்பாகவும் ட்ரூ கொடுத்தால் அவை மறைந்துவிடும். பார்த்து முடித்ததும் ஃபால்ஸ் கொடுத்து நிறுத்திவிடுங்கள்.

ஒரே கணினிக்குள் ஒன்றுமே வரவில்லை

ட்ரேஸிலும் இல்லை, ஓஎஸ்சிடம்ப்பிலும் இல்லை என்றால் முதல் சந்தேகம் போர்ட் எண் மேல்தான்.

சூப்பர்கொலைடர் 3 இரண்டு தனி நிரல்கள் சேர்ந்தது. எஸ்சிலாங் என்ற மொழி ஒரு பக்கம். ஒலியை உருவாக்கும் எஸ்சிசிந்த் என்ற சர்வர் மறுபக்கம். இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்வதே ஓஎஸ்சியில்தான். மொழி வழக்கமாக 57120-இல் கேட்கும், சர்வர் 57110-இல் கேட்கும். செய்தி வந்ததும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவதற்காக நீங்கள் எழுதிய ஓஎஸ்சிடெஃப் மொழிப் பக்கம் இருக்கிறது. செய்தியை 57110-க்கு அனுப்பினால் அது சர்வருக்குப் போய்விடும். சர்வருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் சொந்தக் கட்டளைகள் மட்டும். அப்போது போஸ்ட் விண்டோவில் சர்வரில் தோல்வி, கட்டளை கிடைக்கவில்லை என்ற பொருளில் உங்கள் பாதையின் பெயரோடு ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்த்தால் மகிழுங்கள்: செய்தி கணினிக்குள் சரியாகத்தான் ஓடுகிறது, கதவு எண் மட்டும் மாறிவிட்டது.

57120-க்கே அனுப்பியும் வரவில்லையா? நெட்அட்ரெஸ் வகுப்பிடம் லாங்போர்ட் என்னவென்று கேளுங்கள். சூப்பர்கொலைடரின் இன்னொரு ஜன்னல் திறந்திருந்தாலோ, முன்பு உறைந்துபோன எஸ்சிலாங் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலோ 57120 ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். எஸ்சிலாங் புகார் சொல்லாமல் அடுத்த எண்ணுக்கு நகர்ந்து 57121-இல் உட்கார்ந்துவிடும். நேற்று வேலை செய்த நிரல் இன்று செய்யாததற்கு அடிக்கடி இதுதான் காரணம். வெளியிலிருந்து வரும் செய்திக்கு நிலையான எண் வேண்டுமென்றால், திஸ்ப்ராசஸ் வழியாக ஓப்பன்யூடிபிபோர்ட் அழைத்து 7000 மாதிரி ஒரு போர்ட்டைத் தனியாகத் திறந்துவிடுவது நல்லது. அது ஃபால்ஸ் திருப்பினால் அந்த எண்ணும் வேறு யாரிடமோ இருக்கிறது.

மற்ற இசை நிரல்களின் எண்கள்: சோனிக் பை 4560-இல் கேட்கும். சக் மொழியின் எடுத்துக்காட்டுகளில் 6449, மேக்ஸின் எடுத்துக்காட்டுகளில் 7400 அடிக்கடி வரும். ஆனால் அவை எடுத்துக்காட்டில் எழுதிய எண்கள் மட்டுமே. எந்த போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று லினக்ஸில் எஸ்எஸ், மேக்கில் எல்எஸ்ஓஎஃப், விண்டோஸில் நெட்ஸ்டாட் சொல்லும்.

ப்யூர் டேட்டாவிலிருந்து அனுப்பும்போது இன்னொரு இடத்தில் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. நெட்சென்ட் பெட்டிக்கு கனெக்ட் செய்தி கொடுத்ததும் அதன் வெளிவாயில் 1 வரும். டிசிபியில் (மறுமுனையோடு இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் முறை) என்றால் மறுமுனை எடுத்துவிட்டது என்று அர்த்தம். யூடிபியில் தன் பக்கத்து சாக்கெட் திறந்துவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. மறுபக்கம் கணினியே அணைந்திருந்தாலும் 1 வரும். அந்த 1-ஐ நம்பி அனுப்பும் பக்கத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

நெட்சென்டுக்கும் நெட்ரிசீவுக்கும் யூ, பி என்ற இரண்டு கொடிகளும் வேண்டும். யூ என்றால் யூடிபி, பி என்றால் பைட்டுகளாக அப்படியே. பி-யை விட்டால் ப்யூர் டேட்டா தன் சொந்த உரை வடிவத்தை எதிர்பார்க்கும். ஓஎஸ்சி பாக்கெட்டை அதால் படிக்க முடியாது. அனுப்பும் சங்கிலி இப்படி இருக்கட்டும்: ஓஎஸ்சிஃபார்மட், அடுத்து லிஸ்ட் ப்ரிபெண்ட் சென்ட், அடுத்து லிஸ்ட் ட்ரிம், கடைசியில் நெட்சென்ட். ஓஎஸ்சிபார்ஸும் ஓஎஸ்சிஃபார்மட்டும் 0.46 பதிப்பிலிருந்தே உள்ளேயே இருக்கின்றன. பழைய பாடங்களில் வரும் கூடுதல் நூலகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அப்புறம், ஐபி இருக்க வேண்டிய இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தால் 127.0.0.1 என்று மாற்றிப் பாருங்கள். சில சூழல்களில் லோக்கல்ஹோஸ்ட் என்பது ஐபி 6-ஆம் பதிப்பு முகவரியாகத் திரும்பும். பெறுகிறவர் 4-ஆம் பதிப்பில் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரே கணினியில் ஓடுகிறது, இன்னொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ வரவில்லை

இங்கே நிரலைத் தொடவே வேண்டாம். கோளாறு பெரும்பாலும் நிரலுக்கு வெளியே இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

பெறும் கணினியின் ஐபி எண் இன்றைக்கு என்ன? ரவுட்டர் அதைத் தானாகத்தான் கொடுக்கிறது, நாளைக்கு வேறு கொடுக்கலாம். போனில் நேற்று பதிந்த எண் இன்று வேறு கருவிக்குப் போயிருக்கலாம். அடிக்கடி இதைச் செய்கிறவர்கள் ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிடுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள்.

போன் உண்மையிலேயே அதே வைஃபையில் இருக்கிறதா, மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கிறதா? ஐஃபோனில் ஐஓஎஸ் 14 முதல், உள்ளூர் நெட்வொர்க்கைத் தொட ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி வேண்டும். டச்ஓஎஸ்சி மாதிரி செயலி முதல்முறை கேட்டபோது வேண்டாம் என்று தட்டியிருந்தால், அதற்குப் பிறகு எதுவும் வெளியே போகாது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் போய்த் திறந்துவிட வேண்டும். மேக்கிலும் 15-ஆம் பதிப்பான செகோயாவிலிருந்து இதே அனுமதி வந்துவிட்டது.

விண்டோஸ் ஃபயர்வால் முதல்முறை ஒரு ஜன்னலைத் திறந்து கேட்கும். அதில் தனிப்பட்ட நெட்வொர்க்குக்கு மட்டும் டிக் செய்துவிட்டு, வைஃபை பொது நெட்வொர்க் என்று பதிவாகியிருந்தால் எல்லாம் தடைபடும். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் ஓடினால் அந்த போர்ட்டை யூடிபிக்குத் திறக்க வேண்டும். டிசிபிக்குத் திறந்து பயனில்லை.

கல்லூரி, விடுதி, அரங்கம் போன்ற இடங்களின் விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே முடியாதபடி தடுப்பு போட்டிருப்பார்கள். இணையம் நன்றாக ஓடும், ஓஎஸ்சி மட்டும் ஓடாது. இதைக் கண்டுபிடிக்க பிங் செய்து பார்ப்போம். ஆனால் விண்டோஸ் பல நேரம் பிங்குக்கே பதில் சொல்லாது, அதனால் பிங் தோற்றதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நிகழ்ச்சி நடத்தப்போகிறீர்கள் என்றால் சொந்தமாக ஒரு சின்ன ரவுட்டரைக் கொண்டுபோங்கள். அதற்கு இணைய இணைப்பு தேவையே இல்லை. அரங்கத்தின் வைஃபையை நம்பி மேடை ஏறுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன்.

எஸ்சிசிந்துக்கே நேரடியாக வேறு கணினியிலிருந்து அனுப்புகிறீர்களா? அது இயல்பாக 127.0.0.1-இல் மட்டும்தான் கேட்கும். சர்வரின் ஆப்ஷன்ஸில் பைண்ட்அட்ரெஸ் என்பதை 0.0.0.0 என்று வைத்து மறுபடி பூட் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஓடும் சர்வருக்கு இது செல்லாது. பழைய பாடங்களில் இந்தப் படி இல்லாததால் நிறையப் பேர் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாக் கருவிகளுக்கும் ஒரேயடியாக அனுப்ப 255.255.255.255 போட்டால் சூப்பர்கொலைடரிலிருந்து போகவில்லை என்றால், நெட்அட்ரெஸின் ப்ராட்காஸ்ட்ஃப்ளாக் ட்ரூவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ட்ரேஸில் தெரிகிறது, ஆனால் என் ஃபங்ஷன் ஓடவில்லை

நெட்வொர்க்கின் பங்கு முடிந்துவிட்டது. இனி பெயர்ப் பொருத்தம்தான் கேள்வி.

பாதை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு, கடைசியில் ஒட்டிக்கொண்ட சாய்கோடு, நடுவில் ஓர் இடைவெளி, எதுவும் மன்னிக்கப்படாது. ட்ரேஸில் விழுந்த பாதையை அப்படியே நகலெடுத்து ஓஎஸ்சிடெஃப்பில் ஒட்டுங்கள். பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள்.

நட்சத்திரக் குறி வைத்துப் பலவற்றை ஒரே ஃபங்ஷனில் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஓஎஸ்சியில் நட்சத்திரம், கேள்விக்குறி முதலியவை அனுப்பும் செய்தியின் பாதையில் வருவதற்காக உள்ளவை. ஒரே செய்தியால் பெறுகிறவரிடம் உள்ள பல பாதைகளைத் தொடுவதுதான் அவற்றின் நோக்கம். சூப்பர்கொலைடரின் நியூமேட்சிங் செய்வதும் அதைத்தான்: வரும் செய்தியில் நட்சத்திரம் இருந்தால் அதை விரித்துப் பார்க்கும். நீங்கள் ஓஎஸ்சிடெஃப்பின் பாதையில் நட்சத்திரம் போட்டு வைத்தால் எதுவும் பொருந்தாது. வருவதையெல்லாம் பிடித்து நீங்களே பிரிக்க வேண்டுமென்றால் திஸ்ப்ராசஸில் ஆட்ஓஎஸ்சிரிசீவ்ஃபங்க் இருக்கிறது.

அனுப்புகிறவரை வடிகட்ட எஸ்ஆர்சிஐடி என்ற இடத்தில் நெட்அட்ரெஸ் கொடுத்திருக்கிறீர்களா? போனிலிருந்தோ பைத்தானிலிருந்தோ வரும் செய்தி ஒவ்வொரு முறையும் வேறொரு தற்காலிக போர்ட்டிலிருந்து கிளம்பலாம். நீங்கள் எழுதிய போர்ட் எண்ணோடு அது பொருந்தாது; ஃபங்ஷன் ஓடாது. போர்ட் இடத்தில் நில் (வெற்று மதிப்பு) கொடுங்கள், ஐபியை மட்டும் சரிபார்க்கும்.

ப்யூர் டேட்டாவில் பிரச்சினை வேறு மாதிரி வரும். ஓஎஸ்சிபார்ஸ் சாய்கோடுகளை நீக்கிவிட்டு, பாதையின் துண்டுகளைத் தனித்தனிச் சொற்களாகக் கொடுக்கும். அதனால் ரூட் பெட்டியில் சாய்கோட்டோடு எழுதினால் பொருந்தாது. வெறும் சொல்லாக எழுத வேண்டும். பழைய நூலகத்தின் ரூட்ஓஎஸ்சி பெட்டிக்கோ சாய்கோடு வேண்டும். இரண்டு பாடங்களைக் கலந்து படித்தவர்கள் இங்கே குழம்புவது இயல்பு. ஓஎஸ்சிபார்ஸுக்கும் ரூட்டுக்கும் நடுவே லிஸ்ட் ட்ரிம் இல்லாவிட்டாலும் எதுவும் கடந்து போகாது.

சிசவுண்ட் என்ற இசை மொழியில் வகையும் பொருந்த வேண்டும். ஓஎஸ்சிலிசனில் மிதவை எண்ணுக்கு எஃப் என்று எழுதிவிட்டு, வரும் செய்தி முழு எண்ணாக ஐ வகையில் இருந்தால், அது எந்தச் சத்தமும் இல்லாமல் தள்ளப்படும். சக் மொழியிலும் ஆட்அட்ரெஸில் பாதையோடு வகைகளையும் எழுதினால் கண்டிப்பு வந்துவிடும். இதிலிருந்து பிறக்கும் ஒரு விசித்திரமான அறிகுறி: ஸ்லைடர் நடுவில் நன்றாக வேலை செய்யும், இரண்டு முனைகளிலும் மட்டும் செய்யாது. 0.37 மிதவையாகப் போகிறது. முனைகளில் உள்ள 0-வும் 1-உம் முழு எண்ணாகப் போய்விடுகின்றன. பைத்தானிலும் சூப்பர்கொலைடரிலும் 1 என்று எழுதினால் ஐ, 1.0 என்று எழுதினால் எஃப். அனுப்பும் இடத்திலேயே எப்போதும் மிதவையாக மாற்றிவிடுங்கள்.

சோனிக் பையில் வெளியிலிருந்து வரும் பாதைக்கு முன்னால் ஓஎஸ்சி என்ற சொல்லும் அனுப்பியவரின் ஐபி, போர்ட் விவரமும் சேர்ந்துகொள்ளும். அதனால் சிங்க் கட்டளையில் ஓஎஸ்சி, அடுத்து நட்சத்திரம், அதன்பின் உங்கள் பாதை என்று எழுத வேண்டும். இங்கே பெறும் பக்கத்தில் நட்சத்திரம் செல்லும். முன்னுரிமைகளில் வெளியிலிருந்து வரும் ஓஎஸ்சியை அனுமதிக்கும் தேர்வும் இயங்கியிருக்க வேண்டும்.

எண் வருகிறது, ஆனால் தப்பான எண்

இந்த அறிகுறிதான் எனக்குப் பிடித்தது. தப்பான எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

மதிப்பு வர வேண்டிய இடத்தில் பாதையே வந்தால், சூப்பர்கொலைடரில் எம்எஸ்ஜி வரிசையின் 0-ஆம் இடத்தைப் படித்திருக்கிறீர்கள். 0-இல் இருப்பது பாதை, முதல் மதிப்பு 1-ஆம் இடத்தில். 0.1 அனுப்பி 0.10000000149012 வந்தால் கோளாறே இல்லை: ஓஎஸ்சியின் எஃப் வகை 32 பிட் மிதவை, அதன் துல்லியம் அவ்வளவுதான். சமக்குறி போட்டு ஒப்பிடாமல் இருந்தால் போதும்.

1 அனுப்பினால் 16777216 வருகிறதா? பைட் வரிசை தலைகீழாக இருக்கிறது. 1065353216 வருகிறதா? 1.0 என்ற மிதவையின் பிட்டுகளை முழு எண்ணாகப் படித்துவிட்டார்கள். இவை இரண்டும் ஆர்டுயினோ, இஎஸ்பி பலகைகளில் நூலகம் இல்லாமல் கையாலேயே பாக்கெட் கட்டுகிறவர்களுக்கு வருபவை.

ஒரு பாக்கெட்டைத் திறந்தே பார்த்துவிடலாம். ப்யூர் டேட்டாவில் நெட்ரிசீவ் பெட்டியை ஓஎஸ்சிபார்ஸுக்குப் போகவிடாமல் நேராக ப்ரின்ட்டில் இணையுங்கள். பாதை: சாய்கோடு, அடுத்து வி, ஓ, எல் என்ற மூன்று சிற்றெழுத்துகள். மதிப்பு 0.5. கன்சோலில் வர வேண்டியது இது:

47 118 111 108 0 0 0 0 44 102 0 0 63 0 0 0

மொத்தம் 16 பைட். முதல் நான்கும் பாதை. 47 தான் சாய்கோடு. நான்கு எழுத்தும் நான்கு பைட்டில் கச்சிதமாக அடங்கிவிட்டதே, பிறகு ஏன் நான்கு பூஜ்யங்கள்? ஓஎஸ்சியில் ஒவ்வொரு உரையும் குறைந்தது ஒரு பூஜ்யத்தோடு முடிய வேண்டும், மொத்த நீளம் நான்கின் மடங்காகவும் இருக்க வேண்டும். அதனால் நான்கு எழுத்து உரை எட்டு பைட் எடுத்துக்கொள்கிறது. கையால் கட்டுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுவே: நீளம் ஏற்கெனவே நான்கின் மடங்கு என்று பூஜ்யம் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். மூன்று எழுத்துப் பாதை ஓடும், நான்கு எழுத்துப் பாதை ஓடாது.

அடுத்து 44 என்பது காற்புள்ளி, 102 என்பது எஃப். இதுதான் வகைக் குறி; காற்புள்ளி இல்லாமல் அது தொடங்கக் கூடாது. கடைசி நான்கு பைட் மதிப்பு. 0.5 என்பது பெரிய பைட் முதலில் வரும் வரிசையில் 63 0 0 0. உங்கள் கன்சோலில் 0 0 0 63 என்று இருந்தால் பலகை தன் இயல்பான வரிசையில் எழுதியிருக்கிறது. மறுமுனையில் அது பூஜ்யத்துக்கு மிக மிக அருகில் உள்ள எண்ணாகத் தெரியும். "எப்போதும் 0 தான் வருகிறது" என்ற புகாராக வெளிப்படும்.

தமிழ் உரையை மதிப்பாக அனுப்புகிறவர்களுக்கும் இதே கணக்கு முக்கியம். விவரக்குறிப்பு உரை என்றால் ஆஸ்கி என்றுதான் சொல்கிறது. பல நிரல்கள் யூடிஎஃப்-8 உரையை அப்படியே கடத்திவிடும் என்றாலும் நீளக் கணக்கில் இடறும். அம்மா என்ற சொல் யூனிகோடில் 5 குறிகள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. முடிவுப் பூஜ்யத்தோடு 16. நிரல் 5 என்று எண்ணி 8 பைட் ஒதுக்கினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா மதிப்புகளும் சிதறும். உரையை முதலில் பைட்டுகளாக மாற்றி, பிறகு நீளத்தை எண்ண வேண்டும். பாதையில் தமிழ் எழுத்தைப் போடாமல் இருப்பதே பாதுகாப்பு, மதிப்பில் போடலாம்.

ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று தடவை ஒலிக்கிறது

சூப்பர்கொலைடரில் ஓஎஸ்சிஃபங்க்கை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் புதிதாக ஒன்று சேர்கிறது, பழையது போவதில்லை. நான்கு முறை இயக்கியிருந்தால் நான்கும் ஓடும். ஓஎஸ்சிடெஃப்புக்கு மாறி ஒரு பெயர் கொடுங்கள், அதே பெயரில் மறுபடி இயக்கினால் பழையதை மாற்றிவிடும். அனுப்பும் பக்கம் ஒரே செய்தியைத் தனி ஐபிக்கும் ப்ராட்காஸ்டுக்கும் சேர்த்து அனுப்புகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இதற்கு உறவான இன்னொன்று: போனில் உள்ள ஸ்லைடர் தானாக நடுங்குகிறது. நீங்கள் மதிப்பைத் திருப்பி அனுப்ப, போன் அதை மறுபடி உங்களுக்கே அனுப்ப, வட்டமாகச் சுற்றுகிறது. வந்த மதிப்பை அதே கருவிக்குத் திருப்பாதீர்கள். ப்யூர் டேட்டாவில் செட் செய்தி மூலம் ஸ்லைடரை நகர்த்தினால் அது வெளியே எதையும் அனுப்பாது.

முதலில் வந்தது, பிறகு நின்றுவிட்டது

சூப்பர்கொலைடரில் கன்ட்ரோல்-முற்றுப்புள்ளி, மேக்கில் கமாண்ட்-முற்றுப்புள்ளி அழுத்தினீர்களா? ஒலியோடு சேர்ந்து ஓஎஸ்சிஃபங்க், ஓஎஸ்சிடெஃப் எல்லாமே நீங்கிவிடும். நிலையாக இருக்க வேண்டியவற்றுக்கு ஃபிக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிசவுண்டின் ஓஎஸ்சிசென்டில் முதல் மதிப்பு மாறும்போதுதான் செய்தி போகும். முதல் அழைப்பில் எப்போதும் ஒன்று போய்விடுவதால், எல்லாம் சரி என்று தோன்றும். பிறகு அந்த மதிப்பு 1 என்றே நின்றால் இரண்டாவது செய்தி கிளம்பவே கிளம்பாது. ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணை அங்கே கொடுங்கள்.

சக்கில் நிகழ்வுக்காகக் காத்திருக்கும் வரி ஒரு முடிவில்லாச் சுழலுக்குள் இருக்க வேண்டும். உள்ளே, ரிசீவ் பூஜ்யம் தரும்வரை இன்னொரு சுழல். உள் சுழல் இல்லாவிட்டால் வேகமாக வரும்போது செய்திகள் தேங்கிப் பின்தங்கும். சிசவுண்டில் ஓஎஸ்சிலிசனுக்கும் அதே விதி: ஒரு கே-சுற்றில் (கட்டுப்பாட்டு மதிப்புகளைக் கணக்கிடும் ஒரு சுற்று) பல செய்தி வரலாம், 0 கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

தாமதம், தாளம் ஆடுகிறது, "லேட்" என்று வருகிறது

போஸ்ட் விண்டோவில் லேட் என்றும் பின்னால் ஒரு தசம எண்ணும் வந்தால், நேரமுத்திரை இட்ட பண்டில், அதாவது எப்போது இயங்க வேண்டும் என்று குறித்த செய்திக் கட்டு, அதன் நேரம் கடந்த பிறகு சர்வருக்குக் கிடைத்திருக்கிறது. ஒரே கணினியில் சின்ன எண்ணாக வந்தால் சர்வரின் லேட்டன்சியை (நேரமுத்திரையில் முன்கூட்டியே விடும் அவகாசம்) கூட்டுங்கள். அது வழக்கமாக 0.2 நொடி. இரண்டு கணினிகளுக்கிடையே என்றால் கடிகார வித்தியாசம்தான். நேரமுத்திரை அனுப்பும் கணினியின் கடிகாரத்தைச் சார்ந்தது. அந்தக் கடிகாரம் பின்தங்கியிருந்தால் எல்லாம் லேட் ஆகும். முந்தியிருந்தால் சர்வர் காத்திருந்து தாமதமாக ஒலிக்கும். இரண்டையும் ஒரே என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் தரும்) மூலத்தோடு ஒத்திசையுங்கள், அல்லது லேட்டன்சியை நில் ஆக்கி உடனடியாக இயங்கவிடுங்கள். லேட் எண் 220 கோடிக்கு மேல் இருந்தால் சொந்தமாக எழுதிய நிரல்தான் காரணம்: ஓஎஸ்சியின் நேரம் 1900-இலிருந்து எண்ணப்படுகிறது, யூனிக்ஸ் நேரம் 1970-இலிருந்து. இடைவெளி 2208988800 நொடி. அதைக் கூட்ட வேண்டும்.

லேட் எதுவும் இல்லை, ஆனால் தாளம் லேசாக ஆடுகிறது என்றால் நேரமுத்திரை இல்லாமல் தனிச் செய்திகளாக அனுப்புகிறீர்கள். சிந்த் உருவாக்கும் வரிகளை சர்வரின் பைண்டுக்குள் வைத்தால் அவை பண்டிலாகப் போகும். வித்தியாசம் காதுக்கே தெரியும். மாறாக, ஒலியளவு படிப்படியாக ஏறும்போது கரகரப்பாகக் கேட்டால் அது நெட்வொர்க் கோளாறு இல்லை. மதிப்புகள் இடைவெளி விட்டு வருகின்றன, அவ்வளவுதான். சிந்தை வரையறுக்கும் சிந்த்டெஃப்பில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு 0.05 நொடி லேக் (மதிப்பை மெல்ல மாற வைப்பது) சேர்த்துவிடுங்கள்.

சின்னச் செய்தி போகிறது, பெரியது போகவில்லை

ஐபி 4-ஆம் பதிப்பில் ஒரு யூடிபி பாக்கெட்டில் அதிகபட்சம் 65507 பைட். மேக்கில் இயல்பான வரம்பு 9216 தான். அதிலும் ஈதர்நெட்டில் 1472-ஐத் தாண்டினாலே பாக்கெட் துண்டாகும். வைஃபையில் ஒரு துண்டு தொலைந்தாலும் முழுச் செய்தியும் போய்விடும். பெரிய வரிசைகளைப் பிரித்து, வரிசை எண் சேர்த்து அனுப்புங்கள். ஒலித் தரவு என்றால் கோப்பாக எழுதிவிட்டு, கோப்பின் பெயரை மட்டும் ஓஎஸ்சியில் சொல்லுங்கள். டிசிபிக்கு மாறினால் இரு பக்கமும் பாக்கெட் எல்லையை ஒரே முறையில் குறிக்க வேண்டும்: சில நிரல்கள் முன்னால் 4 பைட் நீளம் வைக்கும், சில, எல்லையில் தனிக் குறி வைக்கும் ஸ்லிப் முறையைப் பயன்படுத்தும். கலந்தால் எதுவும் வராது.

சர்வரே கிளம்பவில்லை, அல்லது ஜன்னல் பிழை தருகிறது

பூட் செய்யும்போது யூடிபி சாக்கெட்டைப் பிடிக்க முடியவில்லை என்ற பொருளில் பிழை வந்தால், பழைய எஸ்சிசிந்த் ஒன்று 57110-ஐ இன்னும் பிடித்திருக்கிறது. சர்வர் வகுப்பின் கில்ஆல் போதும். நோட் கிடைக்கவில்லை என்று வந்தால் ஓஎஸ்சி சரியாகவே வந்திருக்கிறது. நீங்கள் மாற்ற நினைத்த சிந்த் அதற்குள் முடிந்து விடுதலையாகிவிட்டது.

ஓஎஸ்சிடெஃப்புக்குள்ளிருந்து ஒரு ஜன்னலின் ஸ்லைடரையோ எழுத்தையோ மாற்றும்போது, இந்த வேலையை இங்கிருந்து செய்ய முடியாது, ஆப்க்ளாக்கைப் பயன்படுத்து என்று பிழை வரும். ஜன்னலைத் தொடும் வரிகளை மட்டும் சுருள் அடைப்புக்குள் போட்டு டிஃபர் சேர்த்துவிடுங்கள். ஒலியைத் தொடும் வரிகளை அதற்குள் சேர்க்காதீர்கள். ஆப்க்ளாக்கின் நேரக் கணக்கு தாளத்துக்குப் போதாது.